அட்டன்பரோ: ஓர் ஆற்றங்கரை ஊரிலிருந்து கிளம்பிய குடும்பப்பெயர்

ட்ரெண்ட்கரை எழுதியது:

வணக்கம். நான் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரெண்ட் ஆற்றங்கரையோடு தென்மேற்கே நடப்பது வழக்கம். ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாக ஏரிகள் வந்துவிடும். ஏரி என்று சொல்கிறேனே தவிர, எல்லாம் சரளை தோண்டிய பள்ளங்கள். 1929-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டி முடித்த குழிகளில் தண்ணீர் நின்று, நாணல் முளைத்து, இன்று கொண்டை முக்குளிப்பான்கள் தலையை ஆட்டி ஆட்டி ஜோடி சேரும் இடமாகிவிட்டது. அந்த ஏரிகளை ஒட்டிய சின்ன ஊரின் பெயர் அட்டன்பரோ.

ஆமாம், பி.பி.சி. இயற்கை ஆவணப்படங்களில் வரும் டேவிட் அட்டன்பரோவின் அதே அட்டன்பரோ. 1966-இல் இந்த இயற்கைக் காப்பிடத்தைத் திறந்துவைத்தவரும் அவர்தான். "புகழ்பெற்றவர் திறந்துவைத்தார், அதனால் அவர் பெயரை வைத்துவிட்டார்கள்" என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நேர் எதிர். ஊர்ப்பெயர்தான் பல நூற்றாண்டு மூத்தது. அவருடைய குடும்பப்பெயர் இந்த ஊரிலிருந்து போனது.

என் அலுவலகத்தில் இதே குடும்பப்பெயரோடு ஒருவர் இருக்கிறார். "நீங்கள் அவருக்கு உறவா?" என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்களாம். "தெரியாது, ஆனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான்" என்றார். அந்த "இந்தப் பக்கம்தான்" என்னை உறங்கவிடவில்லை. நாலு மாதமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே போட்டு வைக்கிறேன், தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள்.

செந்தில்_கோவை எழுதியது:

அண்ணா, ரிச்சர்ட் அட்டன்பரோவும் இந்தக் குடும்பம்தானே? 1982-இல் 'காந்தி' எடுத்தவர். எங்கள் பள்ளியில் அக்டோபர் 2 வந்தால் அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். டைட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து, அது ஏதோ பெரிய பிரபு வம்சம் என்று நினைத்திருந்தேன். ஊர்ப்பெயர் என்று இன்றுதான் தெரிகிறது.

ட்ரெண்ட்கரை எழுதியது:

ஆமாம் தம்பி, ரிச்சர்ட் மூத்தவர், டேவிட் இளையவர். பிரபு வம்சமெல்லாம் இல்லை. ரிச்சர்ட் பிறந்தது 1923, கேம்பிரிட்ஜில். டேவிட் 1926, லண்டன் பக்கம் ஐசல்வொர்த்தில். ஆனால் அப்பா ஃப்ரெடரிக் பிறந்தது 1887-இல் ஸ்டேபிள்ஃபோர்டில். அது அட்டன்பரோ ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் குடும்பப்பெயர் உருவானது நடுக்காலத்தில். அங்கிருந்து கணக்கிட்டால், 1887 வரை ஐந்நூறு வருடத்துக்கு மேல். அத்தனை காலத்தில் பெயர் நகர்ந்திருப்பது சில மைல்! அப்புறம் ஒரே தலைமுறையில் கேம்பிரிட்ஜ், லெஸ்டர், லண்டன், பிறகு உலகம் முழுக்க. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புதியவன்77 எழுதியது:

சின்ன சந்தேகம். பழைய ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த... இடத்தில்' என்று பொருள் வருமே? அட்வுட் என்றால் காட்டோரம் இருப்பவர், அட்வாட்டர் என்றால் தண்ணீரோரம் இருப்பவர். அதே மாதிரி அட்டன்பரோ என்றால் 'கோட்டையடியில் இருப்பவர்' என்றுதானே வர வேண்டும்? அப்படியானால் இங்கிலாந்தில் எந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தவனும் அட்டன்பரோ ஆகியிருக்கலாம். ஒரே ஊர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சொல்தேடி எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெயரைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றக்கூடிய பிளவு அது. அட்டர்பரி என்ற குடும்பப்பெயருக்கு நீங்கள் சொல்லும் விளக்கம் அப்படியே பொருந்தும்.

ஆனால் இந்த ஊர்ப்பெயரை ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் வேறு மாதிரி பிரிக்கிறார்கள். முன்பாதியில் இருப்பது ஒரு மனிதனின் பெயர். 'அடா' என்பது போன்ற, ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஆள்பெயர். பின்பாதி 'புர்ஹ்', அதாவது அரண். அடாவோடு தொடர்புடைய அரண். மென்மையான 'ட' ஒலி காலப்போக்கில் வல்லொலியாக இறுகி 'அட்டன்' ஆகிவிட்டது. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது, காதால் கேட்டால் தெரியும்.

அந்தப் 'புர்ஹ்' என்ற சொல் சும்மா இருக்கவில்லை. எடின்பரோவின் வால், கேன்டர்பரியின் வால், இரண்டும் அதுவேதான். வேற்றுமை உருபு ஏறினால் 'பிரிக்' என்று மாறும், அதிலிருந்து 'பரி' வந்தது. ஒரே சொல் நாடு முழுக்க மூன்று நான்கு வேஷத்தில் நிற்கிறது.

ஆக, யாரோ ஓர் அடா. அவனைப் பற்றி நமக்கு வேறு எதுவும் தெரியாது. அவன் பெயர் ஊருக்குப் போய், ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்துக்குப் போய், அந்தக் குடும்பத்தில் ஒருவரின் பெயர் இன்று நியூ கினியாவில் ஒரு முட்டையிடும் பாலூட்டிக்குப் போயிருக்கிறது. சைக்ளோப்ஸ் மலையில் வாழும் நீண்ட மூக்கு எக்கிட்னாவுக்கு 1998-இல் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டினார்கள். 2023-இல்தான் அது முதல்முறையாக உயிரோடு கேமராவில் பதிவானது.

புதியவன்77 எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆள்பெயர் உள்ளே ஒளிந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

குடும்ப வரலாறு தேடித் தருவது எனக்குப் பகுதிநேர வேலை. பிரிட்டிஷ் பதிவேடுகளில்தான் பெரும்பாலும் புழங்குகிறேன். ஓர் அடிப்படை விஷயம் பலருக்குத் தவறாகப் படுகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டவர் அந்த ஊரில் வாழ்ந்தவர் என்று நினைப்போம். யோசித்துப் பாருங்கள், அட்டன்பரோவுக்குள்ளேயே ஒருவரை 'அட்டன்பரோக்காரர்' என்று கூப்பிட்டால் என்ன பயன்? அங்கே எல்லாரும் அட்டன்பரோக்காரர்தான். ஊருக்குள் அவர் கொல்லன், குட்டையன், இன்னாரின் மகன். அந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போய்க் குடியேறிய பிறகுதான், அங்குள்ளவர்கள் 'அட்டன்பரோவிலிருந்து வந்தவன்' என்று அடையாளம் சொல்வார்கள். ஆக, இந்த வகைக் குடும்பப்பெயர் பிறப்பது, ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பும்போது. அதே நேரம், வெகுதூரம் போனாலும் பயனில்லை. யாருக்கும் தெரியாத குக்கிராமத்தின் பெயரைச் சொன்னால் லண்டன்காரருக்கு என்ன புரியும்? அடுத்த சந்தை ஊர் வரை போனவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும்.

வரைபடத்தில் பெயர் ஊரைச் சுற்றி மோதிரம் மாதிரி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

காலக்கணக்கும் சொல்கிறேன். 1066-க்குப் பிறகு வந்த நார்மன் நிலப்பிரபுக்களிடம் பரம்பரைப் பெயர் பழக்கம் முதலில் பரவியது. சாதாரண ஆங்கிலக் குடும்பங்களுக்கு அது இறங்கி வர முந்நூறு வருடம் ஆனது. 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய மூன்று தலைவரிக் கணக்குகளில் பெயர்கள் பாதி இறுகியும் பாதி இளகியும் இருக்கும், படிக்கவே சுவாரசியமாக இருக்கும். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடுவது அந்த உத்தரவுதான். 1837-இல் அரசு சிவில் பதிவு. 1841 முதல் ஆள்வாரியாகப் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

இந்த வேலைக்கு எல்லாரும் 1881 கணக்கெடுப்பைத்தான் எடுப்பார்கள். நாடு முழுக்கப் பெயர்பெயராகப் பெயர்த்தெழுதி, கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்காரர்கள் 1881-ஐயும் 1998-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டார்கள். அட்டன்பரோவைத் தட்டினால் நாட்டிங்காம்ஷயர்தான் அடர்நிறம். எரிவாஷ் என்ற சின்ன ஆற்றைத் தாண்டினால் டார்பிஷயர், அங்கேயும் உண்டு. அப்புறம் தனியாக லண்டனில் ஒரு திட்டு.

மலர்_லெஸ்டர் எழுதியது:

அந்த லண்டன் திட்டைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஃப்ளீட் தெருவும் சான்சரி லேனும் சந்திக்கிற முனையில் ஒரு பழைய நகைக்கடைக் கட்டடம் இருக்குது. மேலே மாடத்தில் ஒரு வெண்கலச் சிலை. கீழே ஒரு பலகையில், இது பைரனின் 'லாரா' என்ற கவிதையில் வாற காலெட், 1872-இல் ஜுசெப்பே கிராண்டி என்ற சிற்பி செய்தது என்று எழுதியிருக்கும். அந்தக் கடை அட்டன்பரோ என்பவருடையது. விக்டோரியா காலத்து லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக்கடை. அவ்வளவு பிரபலம்.

நான் முதல் தரம் அதைப் பார்த்தபோது, என்ர பல்கலைக்கழகக் கட்டடத்தின் பெயர் இங்க என்ன செய்யுது என்றுதான் யோசிச்சனான்!

ட்ரெண்ட்கரை எழுதியது:

மலர் அக்கா, பைரன் குடும்பத்தின் நியூஸ்டெட் ஆபியும் நாட்டிங்காம்ஷயர்தான். நாட்டிங்காம்ஷயர் கவியின் பாத்திரம், நாட்டிங்காம்ஷயர் ஊர்ப்பெயர் கொண்ட கடை, இரண்டும் லண்டன் தெருமுனையில் சந்தித்திருக்கின்றன. தற்செயலாக இருக்கலாம், இருந்தாலும் எனக்கு இது பெரிய சந்தோஷம்.

பல்கலைக்கழகக் கட்டடம் என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

மலர்_லெஸ்டர் எழுதியது:

ஓம், சொல்லுறன். ஃப்ரெடரிக் அட்டன்பரோ 1932-இலிருந்து 1951 வரை லெஸ்டர் யுனிவர்சிட்டி கல்லூரியின் முதல்வர். பிள்ளைகள் மூன்று பேரும் அந்த வளாகத்தில்தான் வளர்ந்தவை. அவருடைய பெயரில் அட்டன்பரோ டவர் என்று 18 மாடிக் கட்டடம். நான் படிச்ச காலத்தில் அதில் ஒரு அதிசய லிஃப்ட் இருந்தது. கதவு இல்லை, நிற்காது, பெட்டி பெட்டியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி காலடிக்கு வரேக்க சட்டென்று ஏற வேணும், மாடி வந்ததும் சட்டென்று இறங்க வேணும். முதல் நாள் நான் ஆறு பெட்டியை விட்டுட்டு ஏழாவதில்தான் ஏறினனான். பிறகு அதை நிறுத்திப்போட்டினம்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேற. குடும்பப்பெயருக்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்த டூரி கிங், மார்க் ஜோப்லிங் இரண்டு பேரும் இதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை. 1984-இல் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடிச்சதும் இதே துறைதான். அவை ஆராய்ந்த பெயர்களில் அட்டன்பரோவும் ஒன்று! முதல்வரின் பெயரை, அவர் கட்டி வளர்த்த வளாகத்திலேயே வைத்து ஆராய்ந்திருக்கினம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்த ஆய்வுகளை நான் படித்திருக்கிறேன். விஷயம் எளிது. ஆங்கிலேயர் வழக்கில் குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமும் அப்படியே. இரண்டும் ஒரே தடத்தில் ஓடும் இரண்டு வண்டிகள். அப்படியானால் ஒரே குடும்பப்பெயர் கொண்ட ஆண்களுக்கு ஒய் குரோமோசோமும் ஒத்துப்போக வேண்டும், இல்லையா?

2000-இல் பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி தன் சொந்தப் பெயரிலேயே சோதித்தார். யார்க்ஷயர் பெயர் அது. சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை. 2006-இல் லெஸ்டர்காரர்கள் 150 பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சம்பந்தமில்லாத இரண்டு பேரைச் சோதித்தார்கள். 24 சதவீத ஜோடிகளுக்கு அண்மைக்காலத்துப் பொது மூதாதை. பெயர் அரிதாக அரிதாக ஒற்றுமை ஏறிக்கொண்டே போய், அரிய பெயர்களில் பாதி ஜோடிகள் வரை ஒத்துப்போனது. 2009-இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் மாதிரி பெயரில் எந்த ஒற்றுமையும் இல்லை, தெருவில் போகிற இரண்டு பேரைப் பிடித்துப் பார்த்த மாதிரிதான். கொல்லன் இல்லாத ஊர் உண்டா? ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் பிறந்த பெயர் அது.

அட்டன்பரோ கதை வேறு. பத்தில் ஏழு பேருக்கும் மேல் ஒரே வகை ஒய் குரோமோசோம். ஒரே ஒரு ஆளின் வம்சம்.

செந்தில்_கோவை எழுதியது:

அப்படியானால் உங்கள் அலுவலக நண்பர் டேவிட் அட்டன்பரோவுக்குச் சொந்தக்காரர்தான்! அவரிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா!

கணக்கன் எழுதியது:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பத்தில் ஏழு என்றால் மீதி இருக்கிறவர்களில் அவர் ஒருவராக இருக்கலாம். உறவு இருந்தாலும் அது இருபது தலைமுறைக்கு அப்பால்.

நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வேறு ஒன்று கேட்கிறேன். அட்டன்பரோ ஊரிலிருந்து நடுக்காலத்தில் ஒரே ஒரு ஆளா வெளியே போயிருப்பான்? பத்துப் பேராவது போயிருப்பார்கள். பக்கத்து ஊர்களில் அவர்களுக்கும் அதே பெயர் ஒட்டியிருக்கும். அப்படியிருக்க, எப்படி ஒரே ஆளின் வம்சம் மட்டும்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1873-இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கல்விப் பத்திரிகையில் புதிர் போட்டார்: குடும்பப்பெயர்கள் ஏன் அழிகின்றன? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். 1874-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். நானே ஓர் எளிய எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆணுக்கும் மகன் இல்லாமல் போக கால் பங்கு வாய்ப்பு, ஒரு மகனுக்கு அரைப் பங்கு, இரண்டு மகன்களுக்குக் கால் பங்கு. சராசரி சரியாக ஒன்று. மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 100 பேர் ஆரம்பிக்கிறார்கள் என்று வையுங்கள்.

முதல் தலைமுறையில் 25 பேரின் பெயர் போய்விடும். இரண்டாவதில் 39 ஆகும். மூன்றாவதில் 48, கிட்டத்தட்டப் பாதி. பத்தாவது தலைமுறையில் 74. இருபதாவதில், அதாவது ஏறக்குறைய அறுநூறு வருடத்தில், 85 பேரின் பெயர் அழிந்திருக்கும். யாரும் யாரையும் கொல்லவில்லை, பஞ்சம் இல்லை. வெறும் மகன் பிறந்தான், பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

இதன் மேல் 1348-49 கொள்ளைநோயைப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஜனம் போய்விட்டது. அப்புறம் ஒரு சின்ன ஊர்ப்பெயரில் ஒரே ஒரு தடம் மிஞ்சியதில் என்ன ஆச்சரியம்? மிஞ்சிய தடம் தப்பிப் பெருகிவிட்டால், பார்க்கிறவருக்கு ஆரம்பத்திலேயே ஒரே ஆள்தான் இருந்த மாதிரி தோன்றும்.

வாட்சன் ஒரு இடத்தில் சறுக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜனத்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்று முடிவுகட்டிவிட்டார். தவறு. சராசரி ஒன்றுக்கு மேல் போனால் நிரந்தரமாகத் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அவருடைய சமன்பாட்டிலேயே இரண்டாவது விடை இருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

ட்ரெண்ட்கரை எழுதியது:

ஐயா, கும்பிடுகிறேன். நாலு மாதம் படித்தும் இந்த இடம் எனக்குத் தெளிவாகாமல் இருந்தது. 'ஒரே மூதாதை' என்பதை 'ஒரே ஒருவன்தான் கிளம்பினான்' என்று எடுத்துக்கொண்டேன். பலர் கிளம்பி, ஒருவனுடையது மிஞ்சியது என்றும் இருக்கலாம்.

சொல்தேடி எழுதியது:

இதே மாதிரி இன்னொரு பெயர் எனக்குப் பிடிக்கும், மர்கட்ராய்ட். யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் வார்லி என்ற ஊர். 1371-இல் அங்கே கான்ஸ்டபிளாக இருந்தவர் பெயர் அந்த வடிவில் பதிவாகியிருக்கிறது. 'ராய்ட்' என்றால் காட்டை வெட்டித் திருத்திய நிலம். முன்பாதி மார்கரெட்டின் செல்லப்பெயர். மார்கரெட்டின் கழனி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பெயர் நிலத்துக்குப் போய், நிலத்தின் பெயர் ஆண்வழியாக அறுநூறு வருடம் நடக்கிறது பாருங்கள்.

புதியவன்77 எழுதியது:

மீதி முப்பது சதவீதம் பேருக்கு ஏன் ஒத்துப்போகவில்லை? அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மனைவி துரோகம் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பதிவேடுகளைப் புரட்டினால் எத்தனை காரணங்கள் தெரியுமா! விதவை மறுமணம் செய்வாள், குழந்தைகள் புதுக் கணவனின் பெயரில் வளரும். பிள்ளை இல்லாதவர்கள் அக்காள் மகனைத் தத்தெடுப்பார்கள். மணமாகாத தாய் தன் குடும்பப்பெயரையே மகனுக்குக் கொடுப்பாள், அங்கே பெயர் தொடரும், ஒய் மாறிவிடும். சொத்து கிடைக்க வேண்டுமானால் மாமனார் பெயரை எடுத்துக்கொள் என்று உயிலில் எழுதி வைப்பார்கள். இவை எல்லாம் வெளிப்படையாக நடந்தவை, ஊருக்கே தெரிந்தவை.

லெஸ்டர் ஆய்வில் தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவீதம் வரை இந்த முறிவு வரலாம் என்று மதிப்பிட்டார்கள். சின்ன எண்தான், ஆனால் இருபது தலைமுறைக்குப் பெருக்கிப் பாருங்கள். அப்படியும் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஒத்துப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

அரச வம்சமே தப்பவில்லை. மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே கிடைத்தது. தாய்வழி டி.என்.ஏ. பொருந்தியது. தந்தைவழியில், ரிச்சர்டோடு ஒரே ஆண்வழி மூதாதை என்று வம்சாவளி ஏடுகள் சொல்லும் ஐந்தாம் போஃபோர்ட் பிரபுவின் வழித்தோன்றல்கள் ஐந்து பேரைச் சோதித்தார்கள், ஒருவருடையதும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. அந்த ஐந்து பேரில் நால்வர் தங்களுக்குள் ஒத்தார்கள், ஒருவர் அதிலும் சேரவில்லை. அதைச் செய்ததும் டூரி கிங் குழுதான்.

மலர்_லெஸ்டர் எழுதியது:

அதே ஆக்கள் 2007-இல் வெளியிட்ட இன்னொன்றும் இருக்குது. யார்க்ஷயரில் ஆர் எழுத்தில் தொடங்குற ஒரு அரிய குடும்பப்பெயர். அந்தப் பெயருள்ள ஒரு வெள்ளைக்கார மனுசனைச் சோதிச்சால், மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படுகிற மிக அரிய வகை ஒய் குரோமோசோம்! அதே பெயரில் 18 பேரைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தால் ஏழு பேருக்கு அது இருந்தது. வம்சாவளியை எழுதிப் பார்த்தபோது இரண்டு கிளையும் 18-ஆம் நூற்றாண்டு யார்க்ஷயர் வரை போகுது. அதுக்கும் முந்தி எப்பவோ ஒரு ஆப்பிரிக்க மனுசன் அங்க வந்து, குடும்பமாகி, ஊரோட கலந்திருக்கிறான். முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. பெயர் அரிதாக இருந்தபடியால்தான் அந்தத் தடத்தைப் பிடிக்க முடிஞ்சது. ஸ்மித் என்றால் எங்க போய்த் தேடுறது?

வேற நாட்டுக்கு வந்து குடியிருக்கிற எனக்கு, இதை வாசிச்ச அன்று கனக்க நேரம் வேற ஒன்றும் ஓடவில்லை.

செந்தில்_கோவை எழுதியது:

மலர் அக்கா சொன்னதைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கேள்வி: கணினி, டி.என்.ஏ. எல்லாம் வரும் முன்பு இந்தப் பரவலை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

1890-இல் ஹென்றி ப்ரூம் கப்பி என்பவர் செய்தார். கப்பல் மருத்துவர், இயற்கை ஆய்வாளர், சாலமன் தீவுகளில் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். செடிகள் எந்தத் தீவில் எது முளைக்கிறது என்று பார்ப்பது போலவே குடும்பப்பெயர்களையும் பார்த்தார். அவருடைய தந்திரம் எளிமையானது: விவசாயிகளை மட்டும் எண்ணினார். ஊரை விட்டு அதிகம் நகராதவர்கள் அவர்கள்தான். கவுண்டிவாரியான முகவரிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, பத்தாயிரம் விவசாயிகளில் ஒரு பெயர் எத்தனை என்று கணக்கிட்டு, நாடு முழுக்கப் பரவியது முதல் ஒரே கவுண்டியில் ஒதுங்கியது வரை ஆறு வகையாகப் பிரித்தார். அவருடைய கப்பியும் அரிய பெயர்தான், டார்செட் பக்கத்து ஊர்ப்பெயர்.

கணக்கன் எழுதியது:

ட்ரெண்ட்கரை, ஒரு வேண்டுகோள். அந்த ஊர்க் கோவில் இருக்கிறதா? அடுத்த முறை நடக்கும்போது போய்ப் பார்த்து எழுதுங்களேன். வரைபடத்தில் பார்ப்பது வேறு, இடம் எப்படி இருக்கிறது என்று தெரிவது வேறு.

ட்ரெண்ட்கரை எழுதியது:

ஐயா, நேற்றே போய்விட்டேன். புனித மேரி தேவாலயம், உயரமான கூர்கோபுரம், ஏரியிலிருந்தே தெரியும். பின்புறம் ரயில் பாதை. ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி ஐர்ட்டன் 1611-இல் பிறந்தது இந்த ஊரில்தான். பழைய பாரிஷ் பெரியது, சில்வெல், டோட்டன் என்ற பக்கத்து ஊர்களுக்கும் இதுதான் கோவில்.

கல்லறைத் தோட்டத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. முதல் உலகப்போரில் சில்வெல்லில் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலை இருந்தது. 1918 ஜூலை 1 மாலை, 8 டன் டி.என்.டி. வெடித்தது. 134 பேர் இறந்தார்கள். இன்னார் என்று அடையாளம் காண முடிந்தது 32 பேரை மட்டும். மற்றவர்களை இந்தத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைத்திருக்கிறார்கள். பச்சைப் புல், ஓரமாக ஒரு நினைவுக்கல்.

அட்டன்பரோ என்ற பெயரைத் தேடித்தான் போனேன். அந்தப் புல்லுக்கு முன்னால் வந்ததும் தேடுவதை விட்டுவிட்டேன். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, பெயர்ப் பட்டியலும் இருந்தது. எந்தப் பெயர் எந்த உடலுக்கு என்பதுதான் தெரியாமல் போனது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏரிக்கரை வழியாகவே திரும்பினேன்.

மலர்_லெஸ்டர் எழுதியது:

தம்பி, வாற ஞாயிறு நானும் வாறன். லெஸ்டரில் ரயில் ஏறினால் பீஸ்டனில் நிற்கும் தானே? பத்து மணிக்கு வந்திடுவன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாறன், நடக்கத் தூரமோ?

ட்ரெண்ட்கரை எழுதியது:

நிற்கும் அக்கா. பிள்ளைகள் நடப்பார்கள், பாதை சமதளம்தான். ஆனால் மழை பெய்திருந்தால் கரை முழுக்கச் சேறு, ரப்பர் பூட்ஸ் போட்டுக் கூட்டி வாருங்கள். அலுவலக நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். இத்தனை வருடம் நாட்டிங்காமில் இருந்தும் அவர் அந்த ஊருக்குள் ஒருமுறைகூடப் போனதில்லையாம்.